திம்பம் அடிவாரத்தில் ஓர் இரவும், ஸ்கார்ப்பியோவுக்குள் ஒரு படுக்கையும்

பண்ணாரி செக்போஸ்ட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி 9.20. கோபி தாண்டி டயர் பஞ்சர் ஆனதில் முக்கால் மணி நேரம் போய்விட்டது. திம்பம் மலைப்பாதையில் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை வண்டிகளை விடுவதில்லை. சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் போகிற சாலை அது, 27 கொண்டை ஊசி வளைவுகள். இரவில் வண்டியில் அடிபட்டுச் செத்த விலங்குகளைக் கணக்கில் வைத்து, உயர் நீதிமன்றம் சொன்னதன்பேரில் 2022 பிப்ரவரியிலிருந்து இந்தத் தடை கறாராக நடக்கிறது. தேவையான தடைதான். நாங்கள் வண்டியைத் திருப்பி, கோயில் பக்கம் வெளிச்சமான இடத்தில் நிறுத்தினோம். நானும் என் மாமனாரும் மட்டும். மைசூரில் அவருடைய தங்கை வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

முன் சீட்டுகளைச் சாய்த்து, துண்டைச் சுருட்டிக் கழுத்துக்கு வைத்து, அப்படியே தூங்கினோம். காலையில் மாமா செருப்பை மாட்டப் பார்த்தார், வார் ஏறவில்லை. இரண்டு கணுக்காலிலும் எலும்பு தெரியாத அளவுக்கு வீக்கம். விரலால் அழுத்தினேன். அழுத்திய இடம் குழியாகவே நின்று, மெல்ல மெல்லத்தான் நிரம்பியது. அவருக்கு வயது 68. "ஒண்ணுமில்ல மாப்ளே, நடந்தா சரியாப் போயிரும்" என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு டீக்கடை வரை நடந்தார். பின்னால் போய்க்கொண்டிருந்த எனக்கு மனசே சரியில்லை.

ஊர் திரும்பியதும் டாக்டரிடம் கேட்டேன். நடக்கும்போது கெண்டைக்கால் தசைதான் ரத்தத்தை மேலே தள்ளிவிடுகிறது, காலைத் தொங்கப் போட்டு மணிக்கணக்கில் அசையாமல் இருந்தால் ரத்தமும் நீரும் கீழேயே தேங்கும், வீக்கம் வடிந்துவிடும், ஆனால் ரத்தக்கட்டி உண்டானால் அது வேறு கதை என்றார். வயதானவரை இரவு முழுக்க உட்கார்ந்தபடி தூங்க வைக்காதீர்கள் என்றும் சொன்னார். ஸ்கார்ப்பியோவுக்குள் படுக்கை போட வேண்டும் என்று முடிவு செய்தது அன்றைக்குத்தான்.

இதற்கு இன்னொரு தேவையும் இருந்தது. கொல்லிமலையில் மாமாவுக்குக் கொஞ்சம் மிளகுத் தோட்டம் இருக்கிறது. தார்ச் சாலையிலிருந்து உள்ளே போகிற மண் தடத்தில் மழை பெய்தால் சாதாரணக் கார் ஏறாது, ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கியதே அதற்காகத்தான். மிளகு பறிக்கிற நாட்களில் காயப்போட்ட மிளகுக்குக் காவலாக இரண்டு மூன்று இரவு அங்கேயே தங்க வேண்டிவரும். அங்கே இருப்பது தகரம் போட்ட ஒரு கொட்டகை மட்டும்.

வண்டியும் சட்டமும்

வண்டி 2015 மாடல் மஹிந்திரா ஸ்கார்ப்பியோ, டீசல். வெளி நீளம் 4456 மில்லிமீட்டர், அகலம் 1820, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2680. நடுவில் பெஞ்ச் சீட், பின்னால் எதிரெதிராக உட்காரும் பக்கவாட்டு சீட்டுகள். இந்த அமைப்பைப் பார்த்ததும் பலருக்கும் தோன்றுவது, பின்சீட்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டு இரும்புச் சட்டம் வெல்டிங் செய்துவிடலாம் என்பதுதான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அதைச் செய்யக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு வண்டியின் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றுவதைத் தடுக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த அசல் அமைப்பிலிருந்து மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆர்.சி.யில் எத்தனை சீட் என்று இருக்கிறதோ அத்தனை சீட் வண்டியில் இருக்க வேண்டும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் கேட்பதும் இதைத்தான். ஆகவே சீட் எதையும் கழற்றுவதில்லை, தரையில் ஒரு ஓட்டைகூடப் போடுவதில்லை, பத்து நிமிடத்தில் போட்டு பத்து நிமிடத்தில் எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். இப்போது யோசித்துப் பார்த்தால், கை கட்டிய மாதிரி இருந்த இந்த விதியால்தான் அமைப்பு நன்றாக வந்தது. பகலில் அது குடும்ப வண்டி, நடு சீட்டில் மூன்று பேர் பெல்ட் போட்டு உட்கார வேண்டும்.

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளுக்குக் குறைவில்லை. லாரி கேபினில் டிரைவருக்குப் படுக்கை வைப்பது அவர்களுக்கு அன்றாட வேலை. தெரிந்த பட்டறைக்காரர் ஒருவரிடம் போய் என் பேப்பர் படத்தைக் காட்டினேன். அவர் படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டார்: "பலகைய அறுத்தா படுக்கை வந்துருமுங்க. தலை எந்தப் பக்கம் வைக்கப் போறீங்க? அங்க காத்து எப்படி வரும்? அத மொதல்ல சொல்லுங்க."

நான் அப்போது அதைக் காதில் சரியாகப் போட்டுக்கொள்ளவில்லை. பலகையின் அளவிலேயே குறியாக இருந்தேன். ஆனால் இந்த முழு வேலையிலும் ஆகப் பெரிய விஷயம் அவர் கேட்ட அந்த ஒரு கேள்விதான்.

ஒரு பிளைவுட், மூன்று பலகை

நடு சீட்டை முழுசாக முன்னால் உருட்டி நிறுத்தினால் அது செங்குத்தாக நின்று நீளத்தை விழுங்கிவிடுகிறது. அதனால் உருட்டாமல், முதுகை மட்டும் முன்னால் மடக்கினேன். மேசை மாதிரி ஒரு தளம் கிடைத்தது. பின் பக்கவாட்டு சீட்டுகளை விரித்த நிலையிலேயே விட்டேன். முன் சீட்டுகளைக் கடைசிவரை முன்னால் தள்ளி அளந்தால், முன் சீட்டின் முதுகிலிருந்து பின்கதவு வரை 186 சென்டிமீட்டர். என் உயரம் 170, மாமா 165.

8க்கு 4 அடி பிளைவுட் என்பது 244க்கு 122 சென்டிமீட்டர். 244 நீளத்தை நான்காகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 61க்கு 122. மூன்றைச் சேர்த்தால் 183. தச்சு வேலை செய்கிறவர் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஒரே பலகை, மூன்று வெட்டு, நான்காவது துண்டிலிருந்து கால்களும் அடிச்சட்டங்களும். பின் துண்டை மட்டும் பக்கவாட்டு சீட்டுகளின் முதுகு இடித்ததால் 102 சென்டிமீட்டராகக் குறைத்தோம். 12 மில்லிமீட்டர் கனம், ஐ.எஸ். 710 முத்திரை உள்ள நீர் தாங்கும் பிளை. வீட்டு அலமாரிக்குப் போடும் எம்.ஆர். பிளை விலை குறைவு, ஆனால் வண்டிக்குள் வேண்டாம். தொடர்ந்து ஈரம் பட்டால் அடுக்கு அடுக்காகப் பிரிந்துவிடும். வண்டிக்குள் ஏன் ஈரம் என்று கேட்பீர்கள், அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பலகைகளை நேராக சீட்டுகளின் மேலேயே வைத்தோம். பார்க்க மட்டமாகத்தான் இருந்தது. ஏறிப் படுத்ததும் பின் சீட்டுகளின் மெத்தை மூன்று சென்டிமீட்டர் அமுங்கியது, மடக்கிய நடு சீட்டு அமுங்கவே இல்லை. இடுப்புக்கு அடியில் ஒரு படி ஏறின மாதிரி ஆகிவிட்டது. பாரம் சீட்டில் இறங்கக் கூடாது, வண்டியின் தகரத் தரையில் இறங்க வேண்டும். ஒவ்வொரு பலகைக்கும் மடக்குக் கால் வைத்து, காலுக்கு அடியில் ரப்பர் ஒட்டினோம். சீட் இப்போது பலகை அசையாமல் பிடித்துக்கொள்ள மட்டும்தான்.

ஓடும்போது மூன்று பலகையையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடு சீட்டின் முதுகுக்குப் பின்னால் நிறுத்தி, ராட்செட் பட்டையால் சீட்டின் இரும்புச் சட்டத்தோடு இறுக்கிக் கட்டுகிறேன். இதில் சோம்பல்பட வழியே இல்லை. 80 கிலோமீட்டர் வேகத்தில் சடன் பிரேக் அடித்தால் கட்டாத பிளைவுட் முன்னால் இருப்பவரின் கழுத்துக்குத்தான் வரும். அதே காரணத்துக்காக, ஓடுகிற வண்டியில் யாரும் படுக்கையில் படுக்கக் கூடாது. குழந்தைகள் கேட்பார்கள், அழுவார்கள், அப்போதும் கூடாது.

முதல் இரவு

ஏப்ரல் மாதம், எங்கள் வீட்டு வாசலிலேயே முதல் சோதனை. தலையைப் பின்பக்கம் வைத்துப் படுத்தோம். முன்பக்கம் ஸ்டியரிங்கும் டேஷ்போர்டும் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று நினைத்தேன். கொசுவுக்காக ஜன்னல்களை ஒரு விரல் இடைவெளி விட்டு ஏற்றிவிட்டோம். மலிவான வெப்பமானி ஒன்றைத் தலைமாட்டில் மாட்டியிருந்தேன்.

இரவு 11.30க்கு வெளியே 29 டிகிரி, உள்ளே 33. ஒரு மணிக்கு உள்ளே 35. தலையணை உறை நனைந்துவிட்டது. ஒன்றரை மணிக்கு மாமா எழுந்து உட்காரப் பார்த்து, தலை கூரையில் இடித்தது. மெத்தைக்கும் கூரைக்கும் நடுவே 78 சென்டிமீட்டர்தான், பெரியவர் ஒருவர் நிமிர்ந்து உட்கார அது போதாது. அன்றிரவு இருவரும் வீட்டுக்குள் போய்த்தான் தூங்கினோம்.

தூங்குகிற ஓர் ஆள் கிட்டத்தட்ட 75 வாட் அளவுக்கு வெப்பம் விடுகிறார். பழைய குண்டு பல்பு ஒன்றை இரவு முழுக்க எரியவிட்ட மாதிரி. இருவர் என்றால் இரண்டு பல்பு, அதுவும் பகலெல்லாம் வெயிலில் காய்ந்த தகரப் பெட்டிக்குள். எங்கள் வண்டியில் திறக்கிற கண்ணாடி நான்கு கதவுகளில் மட்டுமே, பின்பகுதிக் கண்ணாடிகள் திறக்காது. காற்றே நுழையாத மூலையில் கொண்டுபோய் இரண்டு தலைகளை வைத்திருக்கிறேன். பட்டறைக்காரர் கேட்டது இதைத்தான்.

திருப்பிப் போட்டது

மறுநாள் தலைமாட்டைத் திருப்பினேன். தலை முன்னால், கால் பின்னால். தோள் இருக்கிற இடத்தில் பலகை 122, கால் இருக்கிற இடத்தில் 102. உடம்பின் வடிவத்துக்கும் அதுதான் சரி. தலைக்கு இரண்டு பக்கமும் நடுக்கதவுகளின் ஜன்னல். அந்த இரண்டு கதவுகளுக்கும் கொசுவலைத் துணியில் பை மாதிரி தைத்தோம், கதவைத் திறந்து, சட்டத்தின் மேலிருந்து தலையணை உறை போடுவது போல இழுத்து மாட்டிக் கதவைச் சாத்திவிடலாம். வலை கண்ணாடிக்கு வெளியே இருப்பதால் கண்ணாடியை முழுசாக இறக்கலாம். தையல்காரர் இரண்டு கதவுக்கும் சேர்த்து 400 ரூபாய் வாங்கினார். இந்த முழு வேலையில் உருப்படியாகச் செலவான பணம் அதுதான் என்பேன். பிளைவுட், கால், பட்டை, மெத்தை எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய் ஆகியிருந்தது.

அப்புறம் ஃபேன். யு.எஸ்.பி.யில் ஓடுகிற சின்ன ஃபேனை முகத்துக்கு நேராக வைத்தால், அதே சூடான காற்றைத்தான் சுற்றிச் சுற்றி வீசுகிறது. அதைக் காற்று போகிற திசை ஜன்னலில், வெளியே பார்த்தபடி மாட்டினேன். உள்ளே இருக்கிற காற்றை அது வெளியே தள்ள, எதிர் ஜன்னலிலிருந்து புதுக் காற்று தானாக முகத்தின் மேல் வந்தது. 5 வாட் ஃபேன், எட்டு மணி நேரத்துக்கு 40 வாட்-அவர். 20,000 எம்.ஏ.ஹெச். பவர் பேங்க்கில் 74 வாட்-அவர் இருக்கும், இழப்பு போனாலும் ஓர் இரவு தாராளமாக ஓடும். வண்டி பேட்டரியைத் தொடுவதே இல்லை. அது ஸ்டார்ட் செய்யக் கொடுத்த பேட்டரி, அடிமட்டம் வரை இறக்கினால் சீக்கிரம் கெட்டுவிடும், காலையில் மலைமேல் தள்ளிவிட ஆளும் கிடைக்காது.

அதே ஏப்ரலில், அதே வாசலில், இரண்டாவது சோதனை. வெளியே 29, உள்ளே 30. மாமா காலை ஐந்தரை வரை தூங்கினார்.

ஏ.சி. போட்டுத் தூங்கினால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். கூடவே கூடாது. நிற்கிற வண்டியில் இன்ஜின் ஓடும்போது புகை கீழேயே தேங்கும், எங்காவது ஒரு பொத்தல் வழியாக உள்ளே வரும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்டவேண்டிய இடத்தில் அது பல மடங்கு இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும், தூங்குகிறவர் விழிக்கவே மாட்டார். 2024 டிசம்பரில் கேரளத்தில் வடகரையில் சாலையோரம் நின்ற ஒரு கேரவானுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டர் புகையிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடுதான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. உழைத்துக் களைத்து, வண்டிக்குள் கொஞ்சம் படுத்தவர்கள். குளிருக்குக் கரி அடுப்பைப் பற்றவைத்து உள்ளே வைப்பதும் இதே ஆபத்துதான்.

கொல்லிமலையில் ஜனவரி

வெயில் கணக்கு முடிந்தது என்று நினைத்தபோது குளிர் வேறு பாடம் சொன்னது. மிளகுக் காவலுக்காக மூன்று இரவு. வெளியே 14 டிகிரி. குளிருக்குப் பயந்து ஜன்னல்களை முழுசாக ஏற்றிவிட்டோம். காலையில் கண்ணாடி முழுக்க உள்பக்கம் நீர் வழிந்தது. மாமா துண்டால் துடைத்துப் பிழிந்தார், துண்டிலிருந்து நீர் சொட்டியது. மூச்சிலும் தோலிலும் ஓர் ஆளிடமிருந்து ஓர் இரவில் கால் லிட்டர் அளவுக்கு நீர் ஆவியாகப் போகிறது. வெளியேற வழி இல்லாவிட்டால் குளிர்ந்த கண்ணாடியில்தான் அது தண்ணீராக இறங்கும்.

கண்ணாடியாவது கண்ணுக்குத் தெரிகிறது. மூன்றாம் நாள் மெத்தையைத் தூக்கிப் பார்த்தபோதுதான் பயந்தேன். எங்களுடையது நாலு அங்குல ஃபோம், மூன்றாக மடிவது. அடிப்பக்கம் சில்லென்று ஈரம், பிளைவுட்டில் எங்கள் முதுகும் இடுப்பும் இருந்த இடத்தில் இருண்ட திட்டு. உடம்புச் சூட்டில் ஆவி ஃபோமுக்குள் இறங்கி, குளிர்ந்த பலகையைத் தொட்டதும் நீராகிவிடுகிறது. நான்கு நாள் விட்டால் பூஞ்சணம்.

இதற்கு வழி சொன்னது மாமாதான். "அடியில ஒரு பாய் போடு மாப்ளே" என்றார். கரூர்ப் பக்கத்துக் கோரைப்பாய் ஒன்று தோட்டத்துக் கொட்டகையில் இருந்தது. பலகைக்கும் மெத்தைக்கும் நடுவே அதை விரித்தோம். கோரையின் தண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் உருண்டையாக இருப்பதால் நடுவே சின்னச் சின்ன வாய்க்கால் மாதிரி இடைவெளி கிடைக்கிறது, காற்று அதில் ஓடுகிறது. பலகைகளிலும் 25 மில்லிமீட்டர் துளைகள் போட்டேன், ஒரு சாண் இடைவெளியில். ஜன்னல்களை இரண்டு பக்கமும் இரண்டு விரல் இறக்கி வைத்து, கம்பளியைக் கூடுதலாகப் போர்த்திக்கொண்டோம். மறுநாள் கண்ணாடியின் கீழ் ஓரத்தில் மட்டும் லேசான பனித்திரை. மெத்தையின் அடி காய்ந்திருந்தது. கோடையில் அதே பாயை எடுத்து மெத்தையின் மேலே போட்டுக்கொள்கிறோம். ஃபோமின் சூடு முதுகில் ஏறுவதில்லை.

இரவில் மட்டத்தைச் சரிபார்க்க, பாதி நிரப்பிய தண்ணீர் பாட்டிலைப் பலகையில் படுக்க வைக்கிறேன். நீர்க்கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடும். நீளவாக்கில் ஒரு டிகிரி சாய்வுக்கு இந்த வண்டியில் கிட்டத்தட்ட 4.7 சென்டிமீட்டர் ஏற்ற வேண்டும், அதற்கு இரண்டு பலகைத் துண்டுகள் எப்போதும் வண்டியில் கிடக்கும். தலைப்பக்கம் சற்று உயர்ந்திருந்தால் பரவாயில்லை, கால்பக்கம் உயர்ந்தால் தலை கனக்கும்.

மாமாவுக்கு எப்போதும் இடப்பக்கம். சாலையோரம் நிறுத்தினால் இடது கதவுதான் ஓரத்தைப் பார்த்துத் திறக்கும், இரவில் இரண்டு முறை எழுந்து போகிறவர் வண்டிகள் வருகிற பக்கம் இறங்கக் கூடாது. உயரமான படுக்கையிலிருந்து இறங்க அவர் ஒரு முறை கண்டுபிடித்திருக்கிறார். குப்புறத் திரும்பி, முதலில் காலை ஃபுட்ஸ்டெப்பில் ஊன்றி, அப்புறம் உடம்பை இறக்குகிறார். கதவின் மேல் கைப்பிடியில் ஒரு பருத்திக் கயிறு முடிச்சுப் போட்டுக் கட்டியிருக்கிறேன், இருட்டில் கை தானாக அதைத் தேடிப் பிடிக்கிறது.

எங்கே நிறுத்துவது என்பதில் நாங்கள் தேர்ந்தெடுத்து வைத்திருப்பது மூன்று இடங்கள்தான்: சொந்தத் தோட்டம், லாரிகள் தங்குகிற பெட்ரோல் பங்க், கேட்டுவிட்டு நிறுத்துகிற கோயில் திடல். பங்க்கில் ஒரு டீ குடித்து, இரவு இங்கே படுத்துக்கொள்ளலாமா என்று கேட்டால் மறுத்தவர்கள் குறைவு. காட்டுக்குள் ஒருபோதும் இல்லை. அது நம் இடம் இல்லை.

இன்னும் தீராதது ஒன்று இருக்கிறது, மழையும் புழுக்கமும் சேர்ந்து வருகிற இரவு. போன அக்டோபரில் வேதாரண்யத்தில் மாட்டிக்கொண்டோம். ஜன்னலை இறக்கினால் சாரல், ஏற்றினால் வேர்வை. ஜன்னலுக்கு மேல் சாரலைத் தடுக்கிற டோர் வைசர் மாட்டிய பிறகு இரண்டு விரல் அளவுக்கு மழையிலும் திறந்து வைக்க முடிகிறது, ஆனால் ஃபேன் மாட்ட அந்த இடைவெளி போதவில்லை. கதவுக்கு மேலிருந்து ஓர் அடி நீட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி தார்ப்பாலினில் ஒரு சின்னக் கூரை தைக்கக் கொடுத்திருக்கிறேன், அதே தையல்காரரிடம். ஐப்பசி மழைக்கு முன்னால் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.